மஞ்சள் வைத்த மனு

மண்ணச்சநல்லூரில் நெல் மண்டி வைத்திருக்கும் பிச்சைமுத்துவின் வீட்டிலிருந்து எந்தக் காகிதமும் நான்கு மூலையிலும் மஞ்சள் வாங்காமல் வாசல்படி இறங்கியதில்லை. கடை வாடகைப் பத்திரம், லாரியின் இன்சூரன்ஸ், மீட்டர் மாற்றச் சொல்லி எழுதிய கடிதம் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். சாவுச் செய்திக்கு மட்டும் கிடையாது. மண்டி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் அவர் மகள் ஆனந்தவள்ளிக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. அதனால்தான் அந்த வியாழக்கிழமை விடியலில், அரைத் தூக்கத்தில், தன் விரல் மஞ்சள் கிண்ணத்தில் தோய்ந்து விவாகரத்து மனுவின் மூலைகளைத் தொட்டுவிட்டு வந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

முந்தின நாளே அவளும் ரஞ்சித்தும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் அவளிடம் இருந்ததால், அவற்றையும் சேர்த்து எடுத்துவரச் சொல்லி வக்கீல் தைரியராஜ் மனுவை அவளிடமே கொடுத்திருந்தார்.

பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. ஆற்றில் பாதி மணல், பாதி பனி. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் அடிப்பாகம் இல்லாமல் தென்னைகளுக்கு மேல் மிதந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே பாலத்தில் வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு மாலைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். இன்று மடியில் மனு. ஜன்னல் காற்றில் இரண்டு பயணமும் ஒன்றாகக் கலந்து, எதற்காகப் போகிறோம் என்பது ஒரு நிமிஷம் மறந்தே போயிற்று. அந்த ஒரு நிமிஷம் சுகமாகவும் இருந்தது.

திருச்சி கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் ரஞ்சித் நின்றிருந்தான். தேய்த்த சட்டை, கையில் தண்ணீர் பாட்டில்.

“சாப்பிட்டியா வள்ளி?”

“ஆச்சு. பிளைட் எத்தனை மணிக்குங்க?”

“சாயங்காலம் ஆறே முக்கால்.”

மஸ்கட்டில் வேலை அவனுக்கு. ஆறு வருஷத்தில் மூன்று முறை அவளை அங்கே கூட்டிப்போவதாகச் சொன்னான், மூன்று முறையும் விசா தள்ளிப்போயிற்று. கெட்டவன் என்று எதிரிகூடச் சொல்ல முடியாது. எதைக் கேட்டாலும் அடுத்த லீவில் பார்க்கலாம் என்பான், அவ்வளவுதான். போன வருஷம் ஸ்ரீரங்கத்து வீட்டைப் பூட்டிச் சாவியை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அவள் மண்டிக்கு வந்துவிட்டாள். அப்போதும் அவன் சண்டை போடவில்லை. இன்று மனு கோர்ட்டில் ஏறாவிட்டால் அவன் பிளைட் ஏறிவிடுவான். அடுத்த லீவு வரைக்கும் அவள் பெண்டாட்டியுமில்லை, தனி ஆளுமில்லை.

மனு வாங்கும் இடத்தில் இருந்த அம்மாள் உறையைப் பிரித்தார். கண்ணாடியை மேலேற்றினார்.

“பத்திரிகை உள்ள இருக்கணும், சரி. மனுவும் பத்திரிகை மாதிரியே இருக்கேம்மா.”

ஈர மஞ்சள் மூன்று பக்கத்துக்கு ஊறிப் போயிருந்தது. அடியிலிருந்த இரண்டு கையெழுத்தும் கரைந்து, சூரிய அஸ்தமனம் மாதிரி பரவிக் கிடந்தன.

“ஸ்கேன்ல விழாது. மூணு பக்கம் மாத்திக் கொண்டாங்க. ஒரு மணிக்குள்ள வந்தா இன்னிக்கே நம்பர் ஆயிடும்.”

வெளியே வந்ததும் தைரியராஜ் மனுவைத் தூக்கிப் பார்த்தார். “காபி கொட்டின மனு பாத்திருக்கேன், கண்ணீர் விட்ட மனு பாத்திருக்கேன். மஞ்சள் பூசிக் குளிச்ச மனுவை இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்.”

எதிர்ச் சாரியில் ஜெஸிமாவின் டைப்பிங் கடை. “மூணு பக்கந்தானே அக்கா, உக்காருங்க,” என்று அவள் பிரிண்டரைத் தட்டினாள். காகிதங்கள் சுடச்சுட வந்தன. ஆனந்தவள்ளி முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

ரஞ்சித் வாங்கினான். போடவில்லை.

“மஞ்சள் நீயா வச்ச?”

“ஆமா.”

“மாமா வைக்கச் சொல்லல?”

“அப்பா அப்ப எந்திரிக்கவே இல்ல.”

அவன் முகத்தில் ஏதோ ஒரு விளக்கு எரிந்தது. “மனசுல இல்லாம கை போகுமா வள்ளி? எனக்கு என்னமோ இதை விட்டுரலாம்னு தோணுது. அடுத்த லீவுல உக்காந்து பேசுவோம்.”

தைரியராஜுக்குச் சட்டென்று போன் பேச வேண்டியிருந்தது. ஜெஸிமா கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

மண்டியில் வளர்ந்தவளுக்கு எதிராளி சாம்பிள் நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்துத் தயங்கும் நேரம் தெரியும். அந்த நேரத்தில் ஒரு பொய் போதும், சரக்கு கைமாறிவிடும். தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்லலாம், அது பாதி நிஜமும்தான். மின்விசிறி சுற்றியது. அந்தக் காற்றில் வருஷங்கள் ஒவ்வொன்றாகத் துணிபோல அசைந்து போவது தெரிந்தது: ஒவ்வொன்றிலும் மாடியில் ஒருத்தி, கையில் போன், பார்வை வானத்தில். எல்லாருக்கும் அவள் முகமேதான் இருந்தது.

“எங்க வீட்ல கெட்டதுக்கு மஞ்சள் வைக்க மாட்டோங்க,” என்றாள் மெதுவாக. “இது நல்லதுன்னு எனக்கு முன்னாடி என் கைக்குத் தெரிஞ்சிருக்கு.”

அவன் பேனா மூடியைத் திறந்து மூடினான்.

“உனக்கு நல்லது. எனக்கு?”

“உங்க பேரும் அதுலதான இருக்கு. நான் பிரிச்சு வைக்கலியே.”

நிஜந்தான். அது எதிரிகள் இல்லாத மனு. முதல் பக்கத்தில் இருவரும் மனுதாரர்கள், பத்திரிகையில் போலவே பக்கத்துப் பக்கத்தில். அவன் அந்தப் பெயர்களை வெகுநேரம் பார்த்தான். பிறகு அவசரமில்லாமல், மூன்று பக்கத்திலும் போட்டான். மூன்றாவதன் கீழே ஒரு கோடும் இழுத்தான்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மனுவுக்கு நம்பர் விழுந்தது. “ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் இன்னொரு தடவை ஆமான்னு சொல்லணும். தம்பி வீடியோல வர்றதுக்கு நான் அனுமதி கேக்கறேன்,” என்றார் தைரியராஜ்.

பஸ் நிறுத்தம் வரை ரஞ்சித் கூட வந்தான்.

“இறங்கினதும் மெசேஜ் போடவா?”

எப்போதும் அதைக் கேட்பவள் அவள்தான். அவன் இறங்கிவிட்டான் என்று தெரிகிறவரை கண்ணை மூடியதில்லை.

“போடுங்க,” என்றாள். “காலைல எந்திரிச்சுப் பாத்துக்கறேன்.”

காவிரிப் பாலம் வருமுன்பே அவள் தூங்கிப்போனாள். திருவானைக்காவலும் கொள்ளிடமும் அவளில்லாமல் கடந்தன. கண்டக்டர் எழுப்பியபோது மண்ணச்சநல்லூர் தாண்டி இரண்டு நிறுத்தம் ஆகியிருந்தது. இருபுறமும் வயல். இறங்கி, வெறும் கையை வீசிக்கொண்டு, வந்த வழியே நடந்தாள்.