மீட்டரும் மூக்கும்

றபீக்காவுக்குக் கணக்கென்றால் பயமில்லை. பத்து வருடமாகக் காத்தான்குடியில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவள். ஆனால் அந்த டிசம்பர் விடுமுறையில், கணவன் ஜிப்ரியின் காரில் முன்சீட்டில் அமர்ந்து மடியில் லப்டொப்பை விரித்தபோது, பதினாறு நிரையும் பதினாறு நிரலுமாக ஒரு அட்டவணை வந்து நின்றது. இருநூற்றைம்பத்தாறு எண்கள். அதில் ஒன்றுகூட ஏன் அங்கே இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஜிப்ரி பன்னிரண்டு வருடம் டோஹாவில் பஸ் ஓட்டினான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவான், போவான். அந்த வருட ஓகஸ்டில்தான் மூட்டை முடிச்சோடு ஒரேயடியாக வந்து சேர்ந்தான். வந்த சூட்டோடு கொழும்பில் யாரோ ஒருவரிடம் பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கினான். வெளிக்கூடு இரும்பாக இருந்தது. எஞ்சினும் நல்லதுதான். ஒரு குறைதான். முந்திய சொந்தக்காரர் கார்ப் பந்தயப் பைத்தியம். எஞ்சினுக்கு எந்த நேரம் எவ்வளவு பெற்றோல் விடவேண்டும் என்று சொல்லும் கம்பியூட்டர் பெட்டி எல்லாக் காரிலும் இருக்கும். காரோடு வந்த அந்தப் பெட்டியை அவர் கழற்றி எறிந்துவிட்டு, நாமே எண்களைப் போட்டு எழுதக்கூடிய வேறொரு பெட்டியைப் பூட்டியிருந்தார். அதற்கென்று ஒரு வயரும் ஒரு ஃபைலும் தந்து, "கொஞ்சம் ட்யூன் பண்ணினா சரி" என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார்.

கார் ஓடியது. ஆனால் நின்ற இடத்தில் நிற்கும்போது இருமல்காரனைப் போல எஞ்சின் குலுங்கியது. மட்டக்களப்பில் மூன்று கராஜுக்குக் கொண்டுபோனான். மூன்றிலும் ஸ்கேனரைக் குத்திப் பார்த்தார்கள், திரையில் ஒன்றும் வரவில்லை. "இது நாங்க கண்ட சாமான் இல்ல காக்கா" என்று கையை விரித்தார்கள்.

மூன்றாவது கராஜும் கைவிட்ட அன்று பின்னேரம்தான் அவளைக் காரில் உட்காரவைத்து லப்டொப்பை நீட்டினான்.

"நீ கணக்கு டீச்சர்தானே. இதுவும் கணக்குத்தான். ஒருக்கா பாரன்."

அவள் ஏன் ஓமென்றாள் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். பன்னிரண்டு வருடத்தில் ஜிப்ரி அவளிடம் எதற்கும் உதவி கேட்டதில்லை. போனில் சுகம் விசாரிப்பான், மகள் சப்னாவின் படிப்பை விசாரிப்பான். வீட்டையும் மகளையும் அவள் தனியாகவே பார்த்துப் பழகிவிட்டாள். இப்போது ஒருவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து 'பாரன்' என்கிறபோது, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

குறிப்பெழுத சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்தாள். வீடியோக்களைப் பார்த்தாள். ஒருவர் முதலில் பெற்றோல் அட்டவணையைத் திருத்து என்றார். இன்னொருவர் அதைத் தொடாதே, முதலில் தீப்பொறி விழும் நேரத்தைப் பார் என்றார். மூன்றாமவர் வீட்டில் இருந்துகொண்டு இதெல்லாம் செய்தால் எஞ்சின் வெடிக்கும் என்று சிரித்தார். ஒரு கிழமை கழித்துக் கொப்பியில் மிஞ்சியது ஒரே ஒரு எண். பதினாலு தசம் ஏழு. ஒரு பங்கு பெற்றோலுக்கு அவ்வளவு பங்கு காற்று இருந்தால் நன்றாக எரியும். எண் கூடினால் காற்று கூட, குறைந்தால் பெற்றோல் கூட. புகைக்குழாயில் பூட்டியிருந்த சென்சர் புகையைப் பார்த்து அந்த எண்ணை மீட்டரில் காட்டும். மீட்டரைப் பார்த்து அட்டவணையைத் திருத்தவேண்டும். அவ்வளவுதான். இவ்வளவு நேர்சீரான விசயத்துக்கா மூன்று கராஜ்காரர்கள் கையை விரித்தார்கள் என்று அவளுக்கு ஒரு சின்னச் செருக்குக்கூட வந்தது.

அடுத்த நாள் சப்னாவைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு இருவரும் புறப்பட்டார்கள். நாவற்குடா கடந்து, கல்லடிப் பாலத்தில் வாவியைக் கடந்து, செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பினால் கரடியனாறுவரை ஆளரவம் குறைந்த நேர் ரோட்டு. இரண்டு பக்கமும் மாரி வெள்ளம் நிற்கும் வயல் வட்டைகளில் இளம் வேளாண்மைப் பயிர். ஓர் ஓரமாக ஜிப்ரி காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டான்.

"என்ன காட்டுது?"

"பதினாறு தசம் எட்டு. காத்து கூட."

"அப்ப பெற்றோலக் கூட்டு."

கூட்டினாள். ஐந்து வீதம். மீட்டர் அசையவில்லை. பத்து வீதம் கூட்டினாள். பதினாறு தசம் ஆறு. இன்னும் கூட்டினாள். எஞ்சின் முன்னைவிட மோசமாகக் குலுங்கியது. மீட்டர் திடீரென்று பதினேழுக்குத் தாவியது.

"பெற்றோல் கூட்டக் கூட்டக் காத்து கூட எண்டு சொல்லுது" என்றாள் றபீக்கா. தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது.

ஜிப்ரி கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டினான். "என்னகா கதைக்கிறாய்? பெற்றோல் மணம் குப்பெண்டு அடிக்கிது. பின்னால பாரு, கறுப்புப் புகை."

"மீட்டர் அப்பிடிச் சொல்லல்ல."

"மீட்டருக்கு மூக்கு இரிக்கா?"

எஞ்சினுக்குள் தீப்பொறி விடும் பிளக்கைக் கழற்றிக் காட்டினான். அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. பெற்றோல் கூடிப்போனால்தான் அப்படிக் கறுக்குமாம். றபீக்கா பிளக்கைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகள் ஒரே கணக்குக்கு இரண்டு விடை எழுதினால் ஒன்று பிழை என்று கோடு போடலாம். இங்கே எதற்குக் கோடு போடுவது?

இரண்டு கிழமை இப்படியே போனது. ஒவ்வொரு நாளும் திகதி போட்டு ஒன்றிரண்டு ஃபைல் சேமித்தாள். இருபத்தேழு ஃபைல் சேர்ந்தது. இதற்கிடையில் இன்னொன்றைக் கண்டுபிடித்து மேலும் குழம்பினாள். அக்சிலரேற்றரை நன்றாக அமத்தி வேகமாகப் போகும்போது பெற்றோலைக் கூட்டினால் மீட்டர் சொன்னபடி இறங்கியது. நின்ற இடத்தில்தான் ஏறுமாறாகப் பேசியது. வரைபடம் கீறிப் பார்த்தாள். கோடு ஒரு நுனியில் ஒழுங்காகவும் மறுநுனியில் பேய் பிடித்தது போலவும் போனது. ஒரே மீட்டர் எப்படி ஒரு இடத்தில் உண்மையும் இன்னொரு இடத்தில் பொய்யும் சொல்லும்? யாரிடம் கேட்பது? ஜிப்ரியிடம் கேட்கலாம். ஆனால் கேட்கவேண்டியவை பெரும்பாலும் அடிப்படைக் கேள்விகள். சென்சர் புகைக்குழாயில் எந்த இடத்தில் இருக்கிறது? எஞ்சினைத் தொடக்கியதும் டிக் டிக் என்று தட்டுகிற சத்தம் எல்லாக் காரிலும் வருமா? கேட்டால், இவ்வளவு நாளும் ஒன்றும் விளங்காமலா எண்களை மாற்றிக்கொண்டிருந்தாய் என்பான். அதுதான் உண்மையும்கூட.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கரடியனாற்று ரோட்டில் கார் நின்றே போனது. பிளக்குகள் பெற்றோலில் நனைந்துவிட்டன. மழை வேறு. ஜிப்ரி பிளக்குகளைத் துடைத்துக்கொண்டே, "நீ நம்பர மட்டுந்தான் பாக்கிறாய். காரப் பாக்கிறாயில்ல" என்றான்.

"நீங்களே பாத்துக்கொள்ளுங்க. இல்லாட்டிப் பேசாம திரும்பி டோஹாவுக்கே போங்க. இதுக்கு முதல் நாங்க இரிக்கல்லையா?"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஜிப்ரி பிளக்குகளைத் திரும்பப் பூட்டினான். வைப்பரைப் போட்டுக் காரை வீட்டுக்குத் திருப்பினான்.

அடுத்த நாள் காலையில், சுபஹு தொழுது வெளிச்சம் வந்தபிறகு, முற்றத்தில் கார் இயங்கும் சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் றபீக்கா தேத்தண்ணியோடு வெளியே போனாள். அவன் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். மன்னிப்புக்குப் பதிலாக, இத்தனை நாளும் கேட்க வெட்கப்பட்டதையே கேட்டுவிட்டாள்.

"அந்த டிக் டிக் எண்டு கேக்கிறது என்ன சத்தம்?"

"அதுவா? டப்பட்."

"டப்பட் எண்டா?"

ஜிப்ரி ஒரு கணம் அவளைப் பார்த்தான். சிரிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை வாங்கி மதிலில் வைத்துவிட்டு, எஞ்சினுக்கு மேலே இருக்கும் மூடியைத் தொட்டுக் காட்டினான். "இதுக்குள்ள வால்வத் திறந்து மூடுற சாமான் இரிக்கி. இடைவெளி கூடினா தட்டும்."

"ஆனா சத்தம் மேலயிருந்து வரல்லயே. முன்னால, கீழயிருந்தெல்லோ வருது. மறுகா சூடேறினா குறையும், ஆனா நிக்காது. நான் ஒவ்வொரு நாளும் கவனிச்சிரிக்கன்."

"சூடாகினா இரும்பு விரியும், அப்ப இடைவெளி..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். குனிந்து காதைக் கொடுத்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு, போனின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்டத் தலைகீழாகத் தொங்கினான். எஞ்சினோடு புகைக்குழாய் பொருந்தும் இடத்தில், இரண்டு இரும்புக்கும் நடுவில் வைக்கிற கஸ்கெட் தகடு ஒரு மூலையில் வெடித்திருந்தது. அந்த வெடிப்பைச் சுற்றி விரலகலத்துக்குக் கரி.

"ஒழுகுது" என்றான். "புகை இதால வெளிய வருது. டிக் டிக் எண்டது இதான். டப்பட் எண்டு நானே முடிவெடுத்திட்டன்."

"புகை வெளிய போனா மீட்டருக்கென்ன?"

"எஞ்சின் விட்டு விட்டுத்தானே ஊதுது. ஊதுற நேரம் புகை வெளிய வரும். ஊதாத நேரம் இதே ஓட்டையால வெளிக்காத்து உள்ளுக்குப் போகும்."

"சென்சர் எங்க இரிக்கி?"

அவன் விரலால் தொட்டுக் காட்டினான். வெடிப்புக்கு ஒரு சாண் தள்ளி.

றபீக்கா அப்படியே முற்றத்து ஈரத்தில் குந்திவிட்டாள். சென்சர் கண்ட காற்று எஞ்சினுக்குள்ளிருந்து வந்ததே இல்லை. வழியில் புகுந்த காற்று. அதை நம்பி அவள் பெற்றோலைக் கொட்டியிருக்கிறாள். பெற்றோல் மிதமிஞ்சித் தீப்பற்றாமல் விட்டபோது எரியாமல் தப்பிய காற்றும் சேர்ந்து மீட்டரைப் பதினேழுக்குத் தூக்கியிருக்கிறது. வேகமாகப் போகும்போது புகை பலமாக ஊதித் தள்ளியதால் வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை, அதனால் எண் சரியாக வந்திருக்கிறது. மீட்டரும் பிழையில்லை, மூக்கும் பிழையில்லை. அப்படியென்றால் பிழை யாருடையது? அதுதான் அவளுக்கு இன்னும் தெளிவாகவில்லை.

கஸ்கெட்டை மாற்ற ஒரு பகல் பிடித்தது. அடுத்த நாள் மீண்டும் கரடியனாற்று ரோட்டுக்குப் போனார்கள். இருபத்தேழு ஃபைலில் எதைப் போடுவது? எல்லாமே ஓட்டையை நம்பி எழுதியவை. கொழும்புக்காரர் தந்த முதல் ஃபைலைப் போட்டுப் பார்த்தாள். மீட்டர் பதினொன்றுக்கு விழுந்தது, பெற்றோல் மணம் தூக்கியடித்தது.

"இவரும் எங்களப்போலதான் ஏமாந்திரிக்கார்" என்று ஜிப்ரி வியந்தான்.

முதலிலிருந்து தொடங்கினாள். அட்டவணையின் ஒரு கட்டத்தில் பெற்றோலைக் கொஞ்சம் குறைத்தாள், மீட்டர் கொஞ்சம் ஏறியது. கூட்டினாள், இறங்கியது. திரும்பவும் குறைத்தாள், திரும்பவும் ஏறியது. நம்ப முடியாமல் ஏழெட்டுத் தடவை கூட்டியும் குறைத்தும் பார்த்தாள். பதினாலு தசம் ஏழில் வந்து நின்றபோது எஞ்சினின் குலுக்கம் அடங்கியிருந்தது. ஜிப்ரி கண்ணாடியை இறக்கி மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

பின்னேரம்வரை அந்த ரோட்டில் மேலும் கீழும் ஓடினார்கள். திரும்பி வரும்போது அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"டோஹாக் கொம்பனியால போன கிழமை கோல் எடுத்தாங்க. திரும்பி வரச் சொல்லி."

றபீக்காவின் விரல் லப்டொப் விசையின் மேல் நின்றது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"வரல்ல எண்டுட்டன்."

"எனக்கிட்டச் சொல்லவே இல்லையே."

"சொல்லத்தான் இரிந்த. அதுக்குள்ள நீ போகச் சொல்லிட்டாய்."

"அது... கோவத்தில சொன்ன."

"தெரியும்" என்றான். உண்மையிலேயே தெரிந்துதான் சொன்னானா, அவளைச் சமாதானப்படுத்தச் சொன்னானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை.

செங்கலடிச் சந்தியை நெருங்க மழை பிடித்துக்கொண்டது. முன்கண்ணாடி ஆவி படிந்து மறைத்தது. ஜிப்ரி ஏசியைப் போட்டான். எஞ்சின் ஒரு முறை முனகிவிட்டு, சந்தியின் நட்ட நடுவில் செத்துப்போனது. பின்னால் வந்த பஸ் ஹோனை அமத்திப் பிடித்தது.

இருவரும் இறங்கித் தள்ளினார்கள். அபாயா நனைந்து காலில் ஒட்டியது. மருந்துக்கடை வாசலில் ஒதுங்கியிருந்த ஒருவர் ஓடிவந்து கை கொடுத்தார். விடைத்தாள் திருத்தும் இடத்தில் அவளோடு வேலை செய்த விஞ்ஞான ஆசிரியர் கனகசிங்கம்.

"றபீக்கா டீச்சரா? என்ன, கார் நிண்டுட்டா?"

"ஓம் சேர். நாங்களே ட்யூன் பண்ணிப் பழகிறம்."

"நீங்களா? நல்லம்! என்ன பிழையாம்?"

"தெரியா சேர்" என்றாள். சொல்லும்போது வெட்கம் வருமென்று எதிர்பார்த்தாள். மழைத்தண்ணீர்தான் முகத்தில் வழிந்தது.

கடைவாசலில் காரை ஒதுக்கிவிட்டு, கனகசிங்கம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். றபீக்கா உள்ளே ஏறி லப்டொப்பை விரித்தாள். ஜிப்ரி ஸ்டார்ட் செய்தான். ஒரே தட்டில் பிடித்தது, குலுக்கமில்லை. ஏசியைப் போட்டான், மீண்டும் செத்தது. மூன்று தடவையும் அப்படியே.

"ஏசி போட்டா எஞ்சினுக்குப் பாரம் கூடுமா?"

"கூடும்."

"நாம ஏசி போட்டது இந்தப் பெட்டிக்கு எப்பிடித் தெரியும்?"

ஜிப்ரி பெட்டியின் பக்கம் குனிந்து பார்த்தான். "ஒரு வயர் வரணும்..." என்றான். "இரிக்கா, இல்லாட்டி அந்த மனிசன் அதையும் கழட்டிட்டாரா... தெரியா புள்ள."

அவள் கொப்பியில் புதுப் பக்கம் புரட்டி அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டாள். ஏசியை நிறுத்தி, முன்கண்ணாடி மறைக்காமலிருக்க நான்கு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, சாரலில் நனைந்துகொண்டே கல்லடிப் பாலத்தைத் தாண்டி வீடு போய்ச் சேர்ந்தார்கள்.