மண்டபத்தில் முதல் சாவு

ஆறாவது பகுதி ஒளிபரப்பான பிறகும் 'எழும்பினவர்கள்' நாடகத்தில் ஒருவரும் சாகவில்லை. செத்தவர்கள் எழும்பி வந்து உயிரோடு இருப்பவர்களைக் கடிக்கிற கதை அது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் சிலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். வெளியே தெரு நிறைய அந்தச் செத்தவர்கள், சொம்பிகள். முதல் பகுதியில் கதவைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு கதைத்துக்கொண்டே இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் காத்து நின்றால் சொம்பிகளின் கால்களில் வேர் விட்டுவிடும் என்று கனடாவிலிருந்து ஒருவர் யூடியூபில் எழுதியிருந்தார். உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, யார் செத்தவர்கள் என்று மேலே எழுத்தில் போடுங்கள் என்று இன்னொருவர் கேட்டிருந்தார்.

எழுதியவன் தயாபரன். வெள்ளவத்தைக்குப் பக்கத்தில் பாமன்கடை என்ற இடத்தில் ஒரு மேல்மாடி அறையில் தனியாக இருந்தான். நிறைய வாசிப்பான், குறைவாகப் பேசுவான். ஒருவர் கேட்ட கேள்விக்கும் மற்றவர் சொல்லும் பதிலுக்கும் நடுவில் 'மௌனம்' என்று எழுதி, அதன் கீழே கோடும் போட்டு வைப்பான். இயக்குநர் ரொனிக்கு அந்தக் கோட்டைக் கண்டாலே கொட்டாவி வரும். "மச்சான், உன்ட மௌனம் முடியறதுக்குள்ள நான் போய் பிளேன்டீ குடிச்சிட்டு வந்துருவேன்" என்பான்.

ஆனால் நாடகம் நகராமல் நின்றதற்கு மௌனம் மட்டும் காரணமில்லை. தயாபரன் சாவுகளை எழுதாமல் இல்லை. எழுதும்போதெல்லாம் ஒரு தொலைபேசி வந்தது. டொக்டராக நடித்தவரின் மனைவி, கர்ப்பமாக இருக்கிற நேரத்தில் புருஷனைப் பிணமாகப் பார்க்கமாட்டேன் என்றாள். கதாநாயகிக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மண்டப முகாமையாளராக வந்தவர் நாடகத்துக்கு விளம்பரம் கொடுக்கிற நகைக்கடைக்காரரின் மைத்துனர். அவருக்கு ஏழரைச் சனி. இப்படி எல்லோருடைய உயிருக்கும் வெளியே ஒரு காவல் இருந்தது. சாகமாட்டோம் என்று தெரிந்தவர்கள் பயப்படுவதுபோல் நடித்தார்கள். அந்தப் பயம் எடுபடவில்லை.

நாடகத்தை ஒளிபரப்பிய அலைவரிசையின் முதலாளி சிவபாதசுந்தரம் அவனை வெள்ளவத்தைக்குக் கூப்பிட்டார். காலி வீதியில் அவருடைய தளபாடக் கடை. மேல்தளத்தில் அலைவரிசையின் அலுவலகம். அவருடைய தங்கை பத்மாவதியும் வந்திருந்தாள். கதாநாயகன் பிரசாந் அவளுடைய மகன்.

அடுத்த பகுதியில் ஒரு ஆள் சாகவேண்டும், அல்லது எட்டாவது பகுதியோடு நாடகத்தை மூடவேண்டும் என்று சிவபாதசுந்தரம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஓடாத அலுமாரியை ஓரமாக நகர்த்தச் சொல்வதுபோல் சொன்னார். தயாபரன் தன் வாழ்நாளில் தன் பெயர் போட்டுச் செய்த ஒரே காரியம் அந்த நாடகம்தான். அதை விட்டால் பத்திரிகை ஒன்றில் பிழைதிருத்துகிற பழைய வேலைக்குத் திரும்பவேண்டும்.

பிரசாந் சாகட்டும் என்றான் அவன். கதாநாயகன் ஏழாவது பகுதியில் செத்தால் பிறகு ஒருவருக்கும் பாதுகாப்பில்லை என்று பார்ப்பவர்களுக்கு விளங்கும், கதை ஓடத் தொடங்கும் என்றான். பிரசாந்தின் முகம் உயிரோடும் அப்படித்தான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பத்மாவதி அண்ணனைப் பார்க்காமல் தயாபரனைப் பார்த்தாள்.

"சாதகம் ரெண்டு இடத்தில குடுத்திருக்குத் தம்பி. பாடையில கிடக்கிற பிள்ளைக்கு ஆர் பொம்பிளை தருவினம்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளையை விட்டுவிடுவோம் என்றார் சிவபாதசுந்தரம். பிறகு, கேட்பதற்கு ஆளில்லாத யாரையாவது பார்க்கச் சொன்னார். அப்போது ராக்கம்மா மூன்று கோப்பைத் தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ராக்கம்மா அந்த அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறவள். சிறு வயதில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு வந்து, புருஷன் செத்த பிறகு முகத்துவாரத்தில் மகளோடு இருந்தாள். முதல் நாள் படப்பிடிப்புக்கு ஒரு நடிகை வராமல் போனதால், மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற செல்லம் என்பவளாக நடிக்க அவளை நிறுத்தினார்கள். நாடகத்தைத் திட்டியவர்கள் எல்லோரும் அவளை மட்டும் திட்டவில்லை. கதவு தட்டப்படும்போது அவள் கை பாத்திரத்திலேயே நின்றுவிடும், முகம் திரும்பாது. தயாபரன் எழுதிய மௌனங்களில் அவளுடையவை மட்டுமே வெட்டப்படாமல் வந்தன.

அலுவலகப் பேச்சு அவள் காதில் விழாமல் இருக்குமா. சில வாரங்களுக்கு முன்பே அவள் தயாபரனிடம் வந்து கேட்டிருந்தாள்.

"புள்ளைக்கு ஆவணியில கல்யாணங்க. அது முடியிற வரைக்கும் என்னைய உசுரோட வச்சிருங்க ஐயா. அப்புறம் எப்படி வேணும்னாலும் கொல்லுங்க."

மகள் மேனகாவுக்குப் பேசியிருந்த ஜீவராஜ் துறைமுகத்தில் வேலை செய்தான். சம்பந்தி வீட்டார் நாடகம் பார்க்கிறார்கள். டீவியில் வருகிற அம்மா என்பதில் அவர்களுக்குப் பெருமை. அதே ஆட்கள் சம்பந்தியம்மாவைப் பிணமாகப் பார்த்துவிட்டு வாசலில் வாழைமரம் கட்டமாட்டார்கள். இதை அவள் விளக்கமாகச் சொன்னாள். தயாபரன் ஓம் என்றிருந்தான்.

அவன் அவளைத்தான் கொன்றான். முதலில் கொஞ்சம் இரக்கத்தோடுதான் எழுதினான். பின்கதவால் குப்பை கொட்டப் போகிற செல்லத்தை இருட்டு இழுத்துக்கொள்கிறது, ஒரு வாளி உருளும் சத்தம், அவ்வளவுதான். பிணம் இல்லை, இரத்தம் இல்லை. சிவபாதசுந்தரத்துக்கு அது போதுமாக இருந்தது. ராக்கம்மாவுக்கும் சொன்னார்கள். உடம்பைக் காட்டமாட்டீர்கள்தானே என்று கேட்டுவிட்டு, காணாமல் போனவள் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். யாரும் அவனிடம் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அறைக்குப் போய் மறுபடி வாசித்தபோது அவனுக்கு வேறொரு காட்சி வந்தது. கடிபட்ட செல்லம் உள்ளே, மணமேடையிலேயே சாகிறாள். எழும்புவாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்கு ஒரு செத்தவீடு செய்கிறார்கள். தலைமாட்டில் தேங்காய்ப் பாதியில் விளக்கு வைத்து, வாய்க்கரிசி போட்டு, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். காலங்காலமாகப் போடுகிற அந்தக் கால்கட்டை இப்போது வேறு காரணத்துக்காகக் கட்டுகிறார்கள் என்பது அவர்கள் இறுக்குகிற விதத்தில் தெரிகிறது. நாடகத்தில் தான் எழுதிய முதல் உண்மையான காட்சி இதுதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஆவணி மாதம் அவன் நினைவில் சின்னதாகிப் போனது.

ராக்கம்மாவிடம் சும்மா படுத்துக்கிடந்தால் போதும் என்றான். தூரத்திலிருந்து எடுப்போம், முகம் தெரிகிற இடங்களை எடிட்டில் வெட்டிவிடுவோம் என்றான். கிரியை செய்ய நடிகர் வேண்டாம் என்று ரொனியிடம் பிடிவாதமாக நின்றான். நடிகனின் கை பொய் சொல்லும். பொரளைக் கனத்தை மயானத்தில் செத்தவீட்டுக் கிரியைகள் செய்கிற பொன்னம்பலம் என்பவரைத் தானே போய்க் கூட்டிவந்தான். அவர் மணமேடையில் கிடந்தவளின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். உயிரோடு இருக்கிற மனுசிக்கு இது சரியா என்று ரொனியும், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரனாக இருந்தும், கேட்டான். தயாபரன் இருவரையும் பேசிச் சமாளித்தான்.

அரிசி உதட்டில் விழுந்தபோது ராக்கம்மா அசையவில்லை. பொன்னம்பலத்தின் வாய், பழக்கத்தில், சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனது. கமெரா கிட்டே போனது. மிகக் கிட்டே. அன்றைக்கு ரொனி கட் சொல்ல மறந்துவிட்டான். தயாபரன் கேட்டுக்கொண்டிருந்த மௌனம் அதுதான். அது நீண்டுகொண்டே போனது. மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை.

முடிந்ததும் அவள் எழும்பி உட்கார்ந்து கால் கட்டைத் தானே அவிழ்த்தாள். மண்டபத்தின் பின்பக்கக் குழாயடிக்குப் போய் உடுத்த சேலையோடு தலையில் தண்ணீர் ஊற்றினாள். ஈரத்தோடு வந்து, முகத்தை வெட்டிவிடுவீர்கள்தானே என்று கேட்டாள். ஓம் என்றான்.

வெட்டவில்லை. ஏழாவது பகுதியைப் பார்த்தவர்கள் அழுதார்கள். வேர் விடும் என்று எழுதிய கனடாக்காரர், தன் தாயின் செத்தவீட்டுக்குப் போகமுடியாமல் இருந்தவராம், நீளமாக எழுதியிருந்தார். சிவபாதசுந்தரம் தயாபரனுக்குக் கை கொடுத்து இனி இதே வேகத்தில் போகச் சொன்னார். அவன் அந்த வாரம் முழுவதும் நன்றாகத் தூங்கினான்.

ராக்கம்மா சில நாள் வேலைக்கு வரவில்லை. வந்தபோது முதலில் தரையைத் துடைத்து முடித்தாள். பிறகு அவன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சம்பந்தியம்மா யோகேஸ்வரி கல்யாணத்தை நிறுத்திவைத்திருக்கிறாள். ராக்கம்மா நேரே போய் நின்றும் பார்த்தாள். நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரியும், ஆனால் வாய்க்கரிசி போட்டதைக் கண்ணால் கண்டோமே என்கிறாள். கிரியை செய்தவர் நடிகர், போட்டது அரிசியில்லை என்று ராக்கம்மா அடித்துச் சொல்லியிருக்கிறாள். எழுதினவரே வந்து சொன்னால் நம்புகிறேன் என்றாளாம்.

"ஒரே ஒரு தடவை வந்து எல்லாம் டூப்புன்னு சொல்லிருங்க ஐயா. வேற ஒண்ணும் வேணாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் போனான். போகவேண்டும் என்றுதான் போனான், அதில் பொய்யில்லை. முகத்துவாரத்தில் அடுக்கடுக்கான தொடர்மாடிகளில் ஒன்றில், துணி காயப்போட்ட கம்பிகளுக்குக் கீழே குனிந்து நடந்து, மூன்றாம் மாடியில் சம்பந்தி வீட்டுக்கு ராக்கம்மா கூட்டிப்போனாள். அவனுக்குக் கதிரை போட்டார்கள். ராக்கம்மா கதவு நிலையோடு நின்றாள். உள்ளே கோழிக்கறி கொதித்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள் யோகேஸ்வரி. பருத்த, மரியாதையான மனுஷி. கெட்ட எண்ணம் ஒன்றும் முகத்தில் இல்லை. பயம் மட்டும் இருந்தது.

தயாபரன் தான் சொல்லவேண்டியதைச் சொன்னான். நாடகம்தான், எல்லாம் நடிப்புத்தான். யோகேஸ்வரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அவளுடைய தோள்கள் கொஞ்சம் இறங்கின. ஜீவராஜ் தாய்க்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மேனகாவைக் கட்டவேண்டும் என்ற அவசரம் அவனுக்குத்தான் அதிகம். காரியம் பழம் என்று தெரிந்ததும் அவன் இன்னும் ஒரு தள்ளுத் தள்ளிவிடப் பார்த்தான்.

"நான் அப்பவே சொன்னேன்தானே அம்மா. அந்தக் கிரியை செய்யற ஆளைப் பார்த்தாலே தெரியுது, சரியான ஓவர் அக்டிங். கையெல்லாம் சும்மா ஆட்டுறான். அந்த சீனே டூப்பு. பார்த்து நான் சிரிச்சிட்டேன்."

தாயும் சிரித்தாள். ஆமாம், எனக்கும் அந்த இடம் கொஞ்சம் செயற்கையாகத்தான் பட்டது என்றாள். பயம் போன பிறகு வருகிற தாராளம் அது. ராக்கம்மாவும் கதவடியில் நின்று சிரித்தாள்.

தயாபரன் சிரிக்கவில்லை. அவனுக்குக் காது சுட்டது. ஆறு பகுதிகளுக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள், அவன் பொறுத்தான். அவை மோசம் என்று அவனுக்கே தெரியும். இது அப்படியில்லை. ஓம் தம்பி, கொஞ்சம் கூடிப்போச்சு என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அந்த வசனம் அவன் வாய்க்குள் இருந்தது. ராக்கம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைத் தம்பி" என்றான். "அவர் நடிகரில்லை. உண்மையாக் கிரியை செய்யிற ஆள். பொரளையில இருந்து நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். அந்தக் காட்சியில டூப்பு எண்டு ஒண்டும் இல்லை."

கறி கொதிக்கிற சத்தம் நன்றாகக் கேட்டது. யோகேஸ்வரி மெதுவாக, அப்போ அரிசி என்று கேட்டாள். ஜீவராஜ் தரையைப் பார்த்தான். யோகேஸ்வரி எழும்பிக் குசினிக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஐயாவுக்கு நேரம் போகும், சாப்பாடு இன்னும் ஆகவில்லை என்றாள். ராக்கம்மாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கதவைத் தாண்டும்போது ராக்கம்மாவின் சேலைத் தலைப்பு தன்மேல் பட்டுவிடாதபடி ஒதுங்கி நின்றாள்.

ராக்கம்மா அவனைப் பஸ் நிற்கும் இடம்வரை கூட்டிவந்தாள். வரவேண்டாம் என்று அவன் சொன்னதற்கு, ஐயாவுக்கு வழி தெரியாது என்றாள். களனி ஆற்றின் வாய்ப்பக்கமிருந்து உப்பும் அழுகலும் கலந்த காற்று வீசிக்கொண்டிருந்தது. அவள் ஏசுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். ஏசினால் தன்பக்க நியாயத்தைச் சொல்லலாம், ஒரு காட்சிக்கு உண்மை எவ்வளவு வேண்டும் என்று விளக்கலாம். அவள் ஏசவில்லை. தெருவின் மறுபக்கத்தில் ஒரே இடத்தை, முகம் திரும்பாமல், பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மௌனத்தை அவனால் பொறுக்க முடியவில்லை.

மேனகா எங்கே என்று கேட்டான். புறக்கோட்டையில் துணிக்கடையில், இன்றைக்கு அரைநாள், இப்போது வந்துவிடுவாள், என்ன முடிந்தது என்று கேட்பாள் என்றாள்.

பஸ் வந்தது. அவன் ஏறிப் படியில் நின்று திரும்பினான்.

"நான் நேர வந்து கதைச்சனான் எண்டு மேனகாவுக்குச் சொல்லுங்கோ" என்றான்.

"சொல்றேங்க" என்றாள் ராக்கம்மா. நடத்துனரிடம் சிங்களத்தில், ஐயா வெள்ளவத்தைக்குப் போகவேண்டியவர், மாறுகிற இடத்தில் இறக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு விலகி நின்றாள்.