சும்மாதான் இருக்கா

ஊசி போட நரம்பு தேடிக்கொண்டே அவள் கேள்விகளை அந்த அக்காவிடம்தான் கேட்டாள். பதில் சொன்னதெல்லாம் அக்காவின் வீட்டுக்காரர். சர்க்கரை வியாதி உண்டா? "கிடையாது." காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா? "தண்ணி மட்டும்தான்." வயிற்றில் பிள்ளை இருக்க வாய்ப்பு உண்டா என்பதற்கும் அவரே முந்திக்கொண்டு, "சேச்சே" என்றார். கேட்டவளுக்கு அந்த ஸ்கேன் பிரிவில் வெடுக்கு என்று பெயர். வரவேற்பில் உட்காருகிறவள் வைத்தது. முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை என்றாலும் அவளுக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும்கூட. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றி, அது உடம்பில் எங்கெங்கே போய் உட்காருகிறது என்று படம் பிடிக்கும் படிப்பைப் படித்து முடித்திருந்தாள். மரியாதையாகப் பேசத் தெரியாதவள் இல்லை. யாரிடம் என்பதில்தான் தகராறு.

"நேத்து கனமான வேலை ஏதாவது செஞ்சீங்களாக்கா?"

"இவளா?" வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வீட்டுல சும்மாதான் இருக்கா."

"நான் அக்காவைக் கேட்டேன் சார்."

அந்த அக்கா முதலில் புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஊசியைப் பார்த்தாள். "ஆமாம்மா. சும்மாதான் இருந்தேன்."

வெடுக்கு மருந்தை ஏற்றினாள். மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை, சர்க்கரைதான், கூடவே துளிக் கதிர்வீச்சு. பசியெடுத்த இடம் எதுவோ அது அந்தச் சர்க்கரையை இழுத்துத் தின்னும். தின்ற இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். புற்றுக்கட்டியைப் போலத் தின்னிப்பண்டாரம் உடம்பில் வேறில்லை. அக்காவுக்கு நெஞ்சுக்குள் நெறிக்கட்டிகளில் புற்று. நாலைந்து சுற்று கீமோ மருந்து ஏறி, தலைமுடி போய், புருவமும் போயிருந்தது. இதே மருந்தைத் தொடர்வதா, இது கேட்கவில்லை என்று இன்னும் முரட்டு மருந்துக்கு மாறுவதா என்பதை இன்றைக்கு எடுக்கும் படம்தான் சொல்ல வேண்டும்.

"இனி ஒரு மணி நேரம் உள்ளே பேசாம, அசையாம படுத்திருக்கணும்க்கா. பேசினா தொண்டைக்குப் போயிடும், அசைஞ்சா கைகாலுக்குப் போயிடும்."

"பேசாம இருக்கணுமா?" வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்போ இந்த ஊசிய மாசாமாசம் போட்டு விடும்மா!" சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு யாரும் துணை போகவில்லை. அதனால் அவருக்கு ஒரு குறைவும் வந்ததாகத் தெரியவில்லை. இந்த மாதிரி ஆட்களை வாரத்துக்கு ஒரு வண்டி பார்க்கிறாள் வெடுக்கு. பெண்டாட்டியின் நோயைக்கூடத் தன் சங்கடமாக மட்டுமே பார்க்கத் தெரிந்தவர்கள். அலுவலகத்தில் லீவு கேட்டதை, வண்டி நிறுத்த இடம் கிடைக்காததை, காத்திருக்கும் அறையில் ஃபேன் சரியில்லாததை நோயாளியைவிட உருக்கமாகச் சொல்லுவார்கள்.

ஓய்வறைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தபோது அக்கா சொன்னபடி அசையாமல்தான் கிடந்தாள். விரல்கள் மட்டும் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து நீவி நீவிச் சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தன. வெடுக்கு ஒலிபெருக்கியில், "அக்கா, விரலு" என்றாள். விரல்கள் திருடி மாட்டிக்கொண்டதைப் போல மடங்கின.

படம் திரையில் வந்ததும் வெடுக்கு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். மூளை கறுப்பு, மூத்திரப்பை கறுப்பு. அது எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் இரண்டு தோளும் மை கொட்டியதுபோல இருந்தன. முன்கை, முதுகின் இரு பக்கம், தொடை, எல்லாம் நார்நாராகக் கறுத்துக் கிடந்தன. சரீரமே ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதைப் போன்ற படம். சர்க்கரை முழுவதையும் தசைகள் வழியிலேயே பிடுங்கித் தின்றுவிட்டன. நெஞ்சில் கட்டி இருந்த இடத்தில் லேசான சாம்பல் நிழல் மட்டும்.

டாக்டர் டீயை ஆற்றிக்கொண்டே பார்த்தார். "அட, நல்லா கேட்டிருக்கே! கட்டி மங்கிடுச்சு. மருந்து வேலை செய்யுதுன்னு எழுதிடலாம்."

"தோளைப் பாருங்க சார்."

"பார்த்தேன். தசையில கொஞ்சம் ஏறியிருக்கு."

"கொஞ்சமா? கல்லீரலே மங்கிக் கிடக்கு. அதோட ஒப்பிட்டுத்தானே கட்டியை அளக்கணும்? அளவுகோலே குட்டையாப் போச்சுன்னா எல்லாரும் வளர்த்திதான் சார்... இல்ல, தப்பாச் சொல்றேன். எதை வெச்சு எதை அளப்பீங்க?"

அவருக்குத் தெரியாமல் இல்லை. இதையெல்லாம் அவளுக்குப் பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். தெரியாதவன்மேல் அவளுக்குக் கோபம் வருவதில்லை. தெரிந்துகொண்டு டீ ஆற்றுகிறவனைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

"இங்க பாரு. மறுபடி எடுக்கணும்னா மெஷின்ல இடம் தேடணும், அவங்களை அலைய விடணும். இப்படியே எழுதினா மருந்து குடுக்கிற டாக்டருக்கு சந்தோஷம், அந்தம்மாவுக்கு சந்தோஷம், புருஷனுக்கு சந்தோஷம். உனக்கு மட்டும் என்ன?"

"கட்டிக்கும் சந்தோஷம்தான் சார்."

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். திரையைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். "அந்தாளை நீயே சமாளிச்சுக்கோ. சரின்னா அடுத்த வாரம் எடு. என்கிட்ட பஞ்சாயத்துக்கு வரக்கூடாது."

உடை மாற்றும் அறையில் அக்கா சட்டையின் பித்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். வெடுக்கு தள்ளியே நின்றாள். ஊசி போட்ட உடம்புக்குக் கொஞ்சம் தூரம் கொடுக்க வேண்டும். "என்னக்கா செஞ்சீங்க நேத்து?"

"ஒண்ணும் செய்யலியேம்மா. சும்மாதான்..."

கேள்வி தப்பு என்று அப்போதுதான் வெடுக்குக்கு உறைத்தது. வேலை செய்தீர்களா என்று கேட்டால் இந்த அக்காவிடம் எந்தக் காலத்திலும் பதில் கிடைக்காது. தான் கல்லூரியில் சேர்ந்த அன்று, அம்மா என்ன செய்கிறார் என்று ஒருவர் கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற அம்மாவே, கையில் சோப்பு வெடிப்போடு, "நான் சும்மாதாங்க இருக்கேன்" என்று சொல்லவில்லையா? அதைக் கேட்டு எரிச்சல்பட்டவள், இன்றைக்கு அக்காவின் வாயிலிருந்து அதே வார்த்தை வந்ததும் சரி என்று ஊசியை ஏற்றியிருக்கிறாள். படித்து என்ன புண்ணியம்.

"சரி. எழுந்ததும் என்ன பண்ணினீங்க?"

"போர்வையெல்லாம் ஊற வெச்சேன்." அக்கா சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனாள். வீட்டிலுள்ள போர்வை அத்தனையும் துவைத்தாள். ஜன்னல் திரைகளையும் கழற்றித் துவைத்தாள். மெஷின் ரிப்பேர், கையால்தான். ஈரத்தோடு வாளி வாளியாக மாடிக்குத் தூக்கிப் போய்ப் பிழிந்து காயப்போட்டாள். அப்புறம் குந்தி உட்கார்ந்து தரை முழுக்கத் தேய்த்தாள். "நீதானேம்மா போன்ல சொல்லி விட்டே? ஊசி போட்டா அன்னிக்கு முழுக்கப் பிள்ளைங்க கிட்டப் போகக் கூடாது, தனியா ஓய்வா இருக்கணும்னு. இன்னிக்கு ஒண்ணும் செய்ய முடியாதேன்னு எல்லாத்தையும் நேத்தே முடிச்சு வெச்சுட்டேன்."

போனில் வெடுக்கு இரண்டு விஷயம் சொல்லியிருந்தாள். முந்தின நாள் கனமான வேலை கூடாது என்பது முதலாவது, ஊசி போட்ட அன்று பிள்ளைகளிடம் போகக் கூடாது என்பது இரண்டாவது. போனை எடுத்தவர் வீட்டுக்காரர். பிள்ளைகளை ஒரு நாள் யார் பார்ப்பது என்ற கவலை அவருடையது, அதனால் இரண்டாவது வீடுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது. மற்றது சும்மா இருக்கிறவளுக்கு எதற்கு?

வெடுக்கு, அக்காவின் வீட்டுக்காரரைத் திரைக்கு முன்னால் கூட்டிவந்து நிறுத்தினாள். அக்கா பின்னால் வந்து நின்றாள். அவர் பார்த்தார். தோளின் கறுப்பைப் பார்த்தார், கையைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். வாய் லேசாகக் கோணியது.

"ஐயோ... கையெல்லாம் பரவிடுச்சா?"

உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். வெடுக்கு சொல்லவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அந்தப் பயம் அவர் முகத்தில் நிற்கட்டும் என்று விட்டாள்.

"பரவல சார். அது உங்க வீட்டுப் போர்வை. இது ஜன்னல் துணி. தொடையில இருக்கறது தரை."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் பயம் போன இடத்தில் பழைய முகம் வந்து உட்கார்ந்தது. "இதெல்லாம் ஒரு வேலையாம்மா? எல்லா வீட்டுலயும் செய்யறதுதானே! இதுக்குப் போயி மறுபடியும் லீவு போடச் சொல்றியா?"

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது சார். அது வேலைன்னுதான் எடுத்துக்கிச்சு. அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடி ரெண்டு நாள் அக்கா நிஜமாவே சும்மா இருக்கணும். ஒரு வாளி தூக்கினாலும் படத்துல காட்டிக்கொடுத்துடும்."

"நிஜமாவே சும்மான்னா?"

"நீங்க இருக்கீங்கல்ல, அந்த மாதிரி."

வரவேற்பில் யாரோ இருமிச் சிரிப்பை மறைத்தார்கள். வீட்டுக்காரர் வண்டிச் சாவியை உருவிக்கொண்டு வெளியே போனார். வெடுக்கு ஜெயித்த முகத்தோடு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"அவரை எதுக்கும்மா அப்படிப் பேசறே? நீ பேசிட்டு மெஷின்கிட்டப் போயிடுவே. வீட்டுக்குப் போயி நான்ல கேட்டுக்கணும்."

அந்த வாரம் முழுக்க அவள் யாரிடமும் நன்றாகப் பேசவில்லை என்று வரவேற்பில் சொன்னார்கள்.

சொன்ன நாளுக்கு அக்கா வந்தாள். வீட்டுக்காரரும் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, கட்டைவிரலில் சுட்ட கொப்புளம். அதை எல்லோர் கண்ணிலும் படும்படி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய போரில் வாங்கிய காயம்போல. இந்த முறை கேள்விகளுக்கு அவர் வாய் திறக்கவில்லை. அது திருந்தல் இல்லை, முறைப்பு என்று வெடுக்குக்குத் தெரியும்.

"ரெண்டு நாளும் எப்படிக்கா இருந்துச்சு?"

"அத ஏன் கேக்கறே." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "கை ரெண்டையும் எங்க வெக்கிறதுன்னே தெரியலம்மா."

ஊசி ஏறியது. அந்த ஒரு மணி நேரமும் விரிப்பின் ஓரம் சுருங்கியது சுருங்கியபடியே கிடந்தது. பிறகு படுக்கை அவளை மெல்ல உள்ளே கொண்டு போனது. தலைக்கு மேலே தூக்கி வைத்த கைகள் முதலில் போயின.

திரையில் படம் மேலிருந்து நிரம்பத் தொடங்கியது. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய கோடு மட்டும், பென்சிலால் வரைந்து பாதியில் விட்டதைப் போல. தோள்கள் வெள்ளை. இத்தனை வருஷத்தில் அந்தக் கைகள் இப்படி ஒன்றுமே கேட்காமல் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. கழுத்து வந்தது, சுத்தமாக. வெடுக்கு நாற்காலியை இழுத்துத் திரைக்குக் கிட்டே போட்டுக்கொண்டாள். தன் விரல்கள் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருப்பதை அவள் கவனிக்கவில்லை. படம் அடுத்து நெஞ்சுக்கு இறங்கியது.