மேஸ்திரிக்குக் கிட்டி

குழாயடியில் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள் சகுந்தலா.

சுரங்கத் தொழிலாளர்களின் கோரமண்டல் லைன் வீட்டுக்குப் பின்னால், கிடா மேஸ்திரியின் நாலு காலும் கட்டியாகிவிட்டது. அதன் கழுத்தை மடியில் அணைத்துப் பிடித்திருந்தான் அவள் கணவன் தாமோதரன். காயடிக்க வந்த கோவிந்தன், கிட்டியின் இரண்டு குச்சிகளுக்கும் நடுவே விதையை வைத்து, இறுக்க வேண்டியதுதான் பாக்கி.

“கோவிந்தா, நிறுத்து.”

“உங்க மேஸ்திரிக்குத்தான் அண்ணி, அண்ணனுக்கு இல்ல. இன்னாத்துக்கு இந்த ஓட்டம்?”

தாமோதரன் சிரிக்கவில்லை. “ஊரையே முட்டுது. நாத்தம் தாங்கலன்னு பக்கத்து வீட்டு வெங்கடம்மா நேத்துகூட கத்துச்சு. அடிச்சுட்டா அடங்கிடும். உனக்கு இன்னாமே கஷ்டம்?”

கஷ்டம் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

போன தையில் பாறை வெடித்துச் சுரங்கத்தின் அடி லெவல் சரிந்தபோது, தாமோதரனும் அவனோடு ஜோடியாக வேலை செய்த ஏனோக்கும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சுரங்கம் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் இரண்டு நாள் நின்ற சகுந்தலா, வீட்டில் துள்ளிக்கொண்டிருந்த கிடாக்குட்டியை, அவன் பிழைத்தால் வெட்டுவதாக ஊர் அம்மன் கங்கம்மாவுக்கு நேர்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் தாமோதரன் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் உயிரோடு ஏறி வந்தான். ஏனோக்கை முகம் மூடிப் போர்த்திக் கொண்டுவந்தார்கள்.

அதன்பிறகு தாமோதரன் மனிதர்களோடு பேசுவதையே விட்டுவிட்டான். ஷிப்ட் முடிந்து வந்தால் குட்டிதான். மேஸ்திரி என்று பெயர் வைத்தான். தன் தட்டிலிருந்தே ஊட்டினான். அதை வெட்டக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? நாளை, நாளை என்று தள்ளியதில் ஆடித் திருவிழாவே வந்துவிட்டது. வருகிற வெள்ளி.

காயடித்த கிடா கங்கம்மாவுக்கு ஆகாது. நேர்ந்ததற்குப் பதில் வேறொன்றும் ஆகாது.

சொன்னால் கிடா போகும். சொல்லாவிட்டால் வாக்குப் போகும். திங்கட்கிழமை அவன் மறுபடியும் அதே கேஜில்தான் இறங்க வேண்டும்.

தாமோதரன் குனிந்து மேஸ்திரியின் காதில் ஏதோ சொன்னான். ஆறு மாதமாக அவளிடம் வராத குரல்.

“சரி, ஆவட்டும்,” என்றாள்.

கிட்டி இறுகியது. கத்தல் லைன் முழுக்கக் கேட்டது.

கோவிந்தன் மஞ்சளைப் பூசிவிட்டுக் கிளம்பிப் போனான். சகுந்தலா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். புருஷனைத் திருப்பிக் கொடுத்த கங்கம்மாவையே ஏமாற்றிவிட்டோமே.

“நீ தடுத்துடுவியோன்னு பயந்தேன்,” என்றான் தாமோதரன், கிடாவைத் தடவியபடி. “முட்டுறது, நாத்தம்லாம் சும்மா. திருவிழாவுக்கு முன்னாடி அடிச்சுடணும்னுதான் கோவிந்தனைக் கூப்ட்டேன்.”

“ஏங்க?”

“இத நான் கங்கம்மாவுக்கு வேண்டிக்கினேன் மே. கீழ, இருட்டுல. ஏனோக் காலு பாறைக்கு அடியில. அவன் பொழச்சா போதும், கிடா உனக்குன்னு சொன்னேன். எனக்குன்னு கேக்கல. அவ அவனை விட்டுட்டு, யாருமே கேக்காத என்னை மேல அனுப்பிட்டா. அப்புறம் எதுக்கு அவளுக்குக் கிடா?”