முன்பக்கம் இல்லாத நகல்

எண்களின் ஒரு கூட்டம். உள்ளேயே கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம்; விடை வெளியே போகாது. இதை வளையம் என்போம். இரட்டை எண்கள் வளையமா? எங்கள் கல்லூரிப் புத்தகம் ஆம் என்றது. சில புத்தகங்கள் ஒத்துக்கொள்ளாது. ஒன்று என்ற எண்ணும் உள்ளே இருந்தால்தான் அவற்றுக்கு வளையம். தன் வழக்கம் எது என்பதை முன்பக்கத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டு, அப்புறம் புத்தகம் வாயே திறக்காது.

எழில்மதியும் நானும் கள்ளக்குறிச்சியில் ஒன்றாக எம்.எஸ்சி. படித்தோம். அவள் வடக்கனந்தல், வீட்டில் எல்லோருக்கும் கூலி வேலை. நாங்கள் நைனார்பாளையத்தில் நிலம் வைத்திருப்பவர்கள். சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இருபது இடம் இருந்தது. நுழைவுத் தேர்வு நாங்கள் கல்லூரியில் படிக்காத வேறொரு புத்தகத்தின்படிதான் என்று அறிவித்திருந்தார்கள். நான் அதை வாங்கினேன், அவளுக்காக ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன்.

"முன்னாடி கீற முன்னுரைலாம் வேணாண்ணா. ஒண்ணாம் பக்கத்துலேர்ந்து போடுங்க" என்றேன்.

கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயரை யார் படிக்கிறார்கள்? முன்னுரையும் அப்படித்தான். அதுவரை என் மேல் தப்பில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சின்னசேலம் பஸ்ஸில் என் புத்தகத்தின் முன்பக்கங்களைச் சும்மா புரட்டியபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. ஒன்று இல்லாத எதையும் இந்நூல் வளையம் என்று சொல்லாது. எழில்மதிக்குச் சொல்ல வேண்டும் என்று உடனே தோன்றியது. போன் கையில்தான் இருந்தது. மதிப்பெண்ணில் அவள் எப்போதும் என்னைவிட இரண்டு படி மேலே என்பதும் கூடவே தோன்றியது.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். "இன்னாடி, படிச்சிக்கினு இருக்கியா? புதுசா எதுனா பாத்தியா?"

"ஒண்ணுமில்லடி" என்றேன்.

தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது: இரட்டை எண்கள் வளையமா? பட்டியலில் இருபதாவது பெயர் தனுஷா, அதாவது நான். ஒரு மதிப்பெண் குறைந்து அடுத்த பெயர் எழில்மதி. அடுத்த வருஷம் எழுதலாமே என்று சொல்ல எனக்குச் சுலபம். அவள் வீட்டில் எம்.எஸ்சி. வரை விட்டதே பெரிசு.

சென்னைக்குக் கிளம்பும் முன் வடக்கனந்தல் போனேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் அம்மாவோடு மரவள்ளிக் காட்டில் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

அவள் மண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ரெட்டை எண் வளையம் இல்லைன்னு விடை குடுத்துக்கிறாங்களே, அது அந்த புக்குல எங்கடி போட்டிருக்குது? மூணு வாட்டி முழுசா பாத்துட்டேன், காணோம்."

எனக்கு அழுகை வந்தது. "முன்பக்கத்துலடி. உன் ஜெராக்ஸ்ல அது இல்ல."

அவள் என் தோளைத் தட்டினாள்.

"அதுக்கு நீ ஏன் அழுற? உனக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா சொல்லாம இருந்திருப்பியா இன்னா?"

சொல்லாமல் இருந்திருக்க மாட்டேன் என்று தலையாட்டினேன்.