உயிலில் இல்லாத படிக்கட்டு

முழங்கால் இரண்டும் செங்கல் காளவாய் மாதிரி எரிந்தன. பகலெல்லாம் கலவைச் சட்டி சுமந்துவிட்டு வந்தவளுக்கு, வீட்டுக்குள் நுழைந்து மாடிப்படியைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்தப் படிக்கு ஜல்லி சுமந்தவளும் அவள்தான். அப்பா கொத்தனார், அவள் அவருக்குச் சித்தாள். ஊரான் வீடெல்லாம் கட்டி மீந்த காசில், மீந்த நேரத்தில், இருவருமாக எழுப்பிய வீடு இது. கீழே அண்ணன் குடும்பம். மேலே அப்பாவும் அவளும். கல்யாணம் என்று ஒன்று ஆகி, அது முடிந்தும் போனபிறகு அவளுக்கென்று இருப்பது அந்த மாடி ஒன்றுதான். அதற்குப் போக ஒரே வழி, கீழ்க் கூடத்துக்குள்ளிருந்து ஏறும் இந்தப் படி.

அன்றைக்குக் கூடத்தில் பத்திர எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அப்பா சொல்லச் சொல்ல எழுதிய உயிலை, கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டினார். கீழ்த்தளமும் கூடமும் சுற்றியுள்ள காலி இடமும் மகனுக்கு. மாடி முழுவதும் மகளுக்கு. காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. அவள் கைகூடக் கழுவாமல் நின்றபடி கேட்டாள்.

"படி யாருக்கு?"

எழுத்தர் தாளைப் புரட்டினார். "படி கூடத்துல நிக்குது. கூடம் பையனுக்கு. அப்ப அதுவும் பையனுக்குத்தான் போகும்."

"அப்ப நான் மாடிக்கு எப்படிப் போறது?"

"பறந்து போ," என்றான் அண்ணன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

எழுத்தர் சிரிக்கவில்லை. "பெரியவரே, மகளுக்குப் படியில போக வர உரிமை உண்டுன்னு ஒரு வரி சேர்த்துட்டாப் போதும்."

அப்பா தலையை ஆட்டினார். "வேணாங்க. அப்படி எழுதினா என்ன அர்த்தம்? என் மகன் தங்கச்சிய வழிமறிப்பான்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆகாதா? என் கையால அவனத் திருடன்னு எழுதச் சொல்றீங்களா?"

"திருடன்னு யாருப்பா சொன்னா? படின்னு ஒரு வார்த்தை எழுதத்தானே சொல்றேன்," என்றாள் அவள்.

"யானையவே குடுக்கிறேன். நீ அங்குசத்துக்கு அழுவுற."

"அங்குசம் இல்லாத யானைய நான் எங்க ஓட்டிட்டுப் போறது?" அவளுக்குக் குரல் ஏறியது. "ஊரான் வீட்டுக்குக் கூலி பேசறப்ப, தரை வேற படி வேறன்னு படிக்குத் தனிக் கணக்குக் கேப்பியே. சொந்த வீட்டுக்கு மட்டும் அது கணக்குல வராதா?"

அப்பா சுவரில் தான் பூசிய பூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அண்ணனிடம் திரும்பினாள். "நீயாவது சொல்லு அண்ணா."

"நான் வேணாம்னு சொன்னேனா? அப்பா இஷ்டம்."

நல்ல பிள்ளையாக இருப்பதற்கு அவன் அதற்குமேல் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஷட்டர் போடுகிறவர் டேப்போடு வந்து வாசலை அளந்தார். அண்ணன் மெக்கானிக். வாடகைக் கொட்டகையை விட்டுவிட்டுக் கூடத்தையே பட்டறையாக்கப் போகிறானாம். அப்பாவும் சரி என்றிருந்தார்.

"சாவி எத்தனை வரும்?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டும்மா," என்றார் அவர்.

"எனக்கொண்ணு, உங்க அண்ணிக்கொண்ணு," என்றான் அண்ணன். யோசித்தெல்லாம் சொல்லவில்லை. தட்டு எடுத்துவைக்கிற மாதிரி சொன்னான்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். "கேட்டாக் குடுக்காமலா போயிடுவான்?" என்றார் அவர்.

"தினம் கேட்டுக்கிட்டே இருக்கணுமா?"

"வாய் வலிக்குமா என்ன?"

பதிவு நாளன்று அவள்தான் அவரை ஆட்டோவில் ஏற்றி அழைத்துப் போனாள். பதிவு அலுவலக வாசலில் எழுத்தர் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தார். "இப்பவும் சேர்க்கலாம் பெரியவரே." அப்பா பேனாவை வாங்கி, செங்கல் அடுக்குகிற பொறுமையோடு, இருந்ததை இருந்தபடியே விட்டு, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இதற்குமேல் என்ன பேசுவது? செவிடன் காதில் ஊதிய சங்கு.

திரும்பி வந்தபோது உச்சி வெயில். புது ஷட்டர் தரைவரை இறங்கியிருந்தது.

அப்பா தட்டினார். தகரம் அதிர்ந்து அடங்கியது. "டேய்," என்றார். மறுபடி தட்டினார். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கொத்தனாரே, உங்க வீட்டுக்கே விருந்தாளியா?" என்றார். அப்பா சிரிக்க முயன்றார். உதடு விரியவில்லை. ஓர் ஆள் நிற்குமளவு நிழல்கூட வாசலில் இல்லை. அவள் முந்தானையை எடுத்து அவர் தலைக்குமேல் பிடித்தாள்.

"வெளிப்பக்கமா ஒரு படி கட்டிட்டா என்ன?" என்றார் திடீரென்று. "நானே கட்டிடுவேன்."

"காலி இடத்தையும் அவனுக்குத்தானே எழுதியிருக்க. வானத்துலயா கட்டுவ?"

அவர் மறுபடி தகரத்தைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் ஷட்டர் கடகடவென்று மேலே போனது. அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். "அசந்துட்டேன்பா. ஒரு போன் பண்ணக்கூடாதா?" அவன் முகத்தில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

பாதிப் படியில் அப்பா மூச்சு வாங்க நின்றார். கைப்பிடிச் சுவரைத் தடவினார். "அடுத்த வாரம் போய் அந்த எழுத்தரைப் பார்க்கலாம்மா," என்றார் மெல்ல.

அடுத்த வாரம் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த வாரம் எழுத்தர் ஊரில் இல்லை. அப்புறம் அவள் நினைவுபடுத்தும்போதெல்லாம், "மறக்கலம்மா," என்கிறார். அவள் தினமும் வேலை முடிந்து வந்து, ஷட்டரைத் தட்டிவிட்டு, தெருவில் நிற்கிறாள்.

படியில் மகள் போக வர உரிமை உண்டு என்ற அந்த ஒரு வரி. அப்பா அவளுக்கு அதை இன்னும் எழுதித் தரவேண்டியிருக்கிறது.