இருமல் தாங்கும் பட்டை

தையற்கார அக்கா தன் தம்பிக்காகத் தைத்த கழுத்துப்பட்டைக்கு அன்று சோதனை. தொண்டையில் துளையிட்டுப் பொருத்திய மூச்சுக்குழாயை அதுதான் பிடித்துக்கொள்ள வேண்டும். குழாய் நழுவினால் உயிருக்கே ஆபத்து. பழைய நாடாவின் முடிச்சு அவன் பிடரியைப் புண்ணாக்கியிருந்தது.

நர்ஸ் இரண்டு விரல்களால் குழாயைப் பிடித்தபடி, "இப்ப இருமுங்க" என்றாள்.

இருமினான். பட்டையின் முனைகளை இணைத்த ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) சர்ரென்று பிரிந்தது. நர்ஸின் விரல்கள் அசையவில்லை.

"துவைச்சீங்களா?" என்று கேட்டாள்.

"அவனுக்கு அரிக்கக் கூடாதுன்னு துண்டோட சேத்து மூணு தடவை துவைச்சேன், சிஸ்டர்."

ஒட்டும் முட்களில் துண்டின் பஞ்சு அப்பிக் கிடந்தது. நர்ஸ் பழைய நாடாவுக்கு மறு கையை நீட்டினாள். தம்பி பேசுவதற்காகக் குழாய் வாயை விரலால் மூடி, கரகரத்த குரலில், "அக்கா தச்ச பட்டன் என்னைக்கு முதல் தடவையே நின்னுச்சு? இன்னொரு தடவை பாக்கட்டும்" என்றான்.

"என் விரல் மரத்துப்போறதுக்குள்ள முடிங்க" என்றாள் நர்ஸ்.

அக்கா ஊசிமுனையால் பஞ்சை நெம்பி எடுத்தாள். ஒட்டும் பகுதியை இரட்டை நீளமாக்கினாள். துவைக்கும்போது முட்களை மூடிவைக்க ஒரு மடலும் தைத்தாள்.

மீண்டும் மாட்டினார்கள். மூன்று முறை இருமினான். பட்டை அப்படியே நின்றது. நர்ஸ் ஒரு விரலை எடுத்தாள்.

"இன்னொண்ணு கொஞ்ச நேரம் இருக்கட்டும், சிஸ்டர்" என்றாள் அக்கா.